வறுத்த உப்பு

கன்னியம்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தக் குப்பத்தில் குறைவு. கருவாட்டைப் பரப்பும்போது குனிந்திருப்பாள், கூடையைத் தூக்கும்போது நிமிர்ந்திருப்பாள். சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பாள். "ஒரு எடத்துல குந்துடி, பாக்கிறவளுக்குத் தலை சுத்துது" என்று பக்கத்து வீட்டுப் பூமாரி சொல்லாத நாளில்லை.

பூமாரியும் கருவாட்டுக்காரிதான். எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே, அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தளம் இருக்கிறது. இருவரும் அதில்தான் நெத்திலியும் வாளையும் காயவைப்பார்கள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் போகும். அவை கிளப்பும் கரித்தூசு மீன்மேல் படியும். அதைத் தட்டிவிட்டு மறுபடி பரப்புவார்கள். தொழிற்சாலைகள் வந்த பிறகு அந்த ஊருக்கு நிறைய வந்து சேர்ந்தது. புகை வந்தது, சாம்பல் வந்தது, காவலாளிகள் வந்தார்கள். குடிநீர்க் குழாய் மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வீடு அடிபம்பு உண்டு. அதில் வரும் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் மயிர் தேங்காய் நாராகும். வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். இல்லாதவர்கள் பம்பு தண்ணீரையே குடித்தார்கள். கன்னியம்மாவின் கணவன் ரகுபதி கடலுக்குப் போகிறவன். அவனுக்கு இரண்டு முறை சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டது. வலி வந்தால் படகிலேயே சுருண்டு படுத்துவிடுவான், மற்றவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். தண்ணீர்தான் காரணமா என்று யாராவது கேட்டால் கன்னியம்மா தெரியாது என்றுதான் சொல்வாள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமல் விடும் பழக்கமும் இல்லை.

பம்பு தண்ணீர் வருடத்துக்கு வருடம் கரிப்பு ஏறியபோது, கங்கையம்மனுக்குக் குறை வைத்துவிட்டோம், பூசை போட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூட்டினார்கள். கன்னியம்மா எழுந்து, அம்மனுக்கு உப்பு வேண்டுமென்றால் கடலே பக்கத்தில் இருக்கிறதே, நம் பம்புக்குள் ஏன் வந்து தேடுகிறாள் என்று கேட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூசை நடந்தது. தண்ணீர் மாறவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிற ஒருவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு டம்ளர்களில் தண்ணீர் எடுத்தான். ஒன்றில் பம்பு தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்தது. இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தான். பம்பு தண்ணீர் பழுப்பாகிக் கசடு கட்டியது. அவன் தண்ணீர் அப்படியே இருந்தது. நீங்கள் குடிக்கும் விஷத்தைக் கண்ணால் பாருங்கள் என்றான். பெண்கள் பயந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். கன்னியம்மா தளத்திலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து, அவன் தடுப்பதற்குள் அவனுடைய டம்ளரில் போட்டாள். அதுவும் பழுப்பானது. கசடு வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, இரும்புக் கம்பியிலிருந்து. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும், துரு இறங்கும். அவ்வளவுதான். பயமுறுத்தி விற்பதற்கு விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறவன் மந்திரவாதியைவிட மோசமானவன், மந்திரவாதியாவது வேப்பிலையோடு வருகிறான்.

அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அவன் கையில் பேனா மாதிரி ஒரு பொருள் இருந்தது. தண்ணீரில் அதன் நுனியை நனைத்ததும் ஒரு எண் காட்டியது. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பும் பிறவும் கரைந்திருக்கின்றன என்பதற்கான எண் அது. அது கன்னியம்மாவைத் தூங்கவிடவில்லை. நாக்குக்குத் தெரிந்த கரிப்புக்கு ஒரு எண் இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிய செய்தி. சாலையோரத்தில் செல்போன் பழுது பார்க்கும் ஜீஷானிடம் சொல்லி அதே மாதிரி ஒரு மீட்டரை வரவழைத்தாள்.

மீட்டர் வந்த நாளிலேயே தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு பம்பையும் அளந்தாள். வந்த எண்ணை அந்தந்த வீட்டுச் சுவரில், பம்புக்கு மேலே, படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்டால் எழுதினாள். பெரும்பாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். பிள்ளைகள் அவளை மீட்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் சாராய நெடி அடிக்கும் வாயைத் திறந்து, இங்கேயும் விட்டுப் பார் என்றான். அதற்கு வேறு மீட்டர் போலீஸ்காரனிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பிறகு பூமாரியையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே உதவிப் பொறியாளர் சங்கரநாராயணன். கெட்டவர் அல்ல, களைத்தவர். அவர் மேசைமேல் இதே மாதிரி மனுக்கள் நிறைய இருந்தன. இரண்டாயிரத்துக்கு மேல் போனால்தான் லாரித் தண்ணீருக்கு எழுத முடியும், உங்களுடையது அதற்குள் இருக்கிறதே என்றார். பிறகு மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்து, இதைக் காலிபரேட் செய்தீர்களா என்று கேட்டார். அவளுக்கு அந்தச் சொல் புரியவில்லை. பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வழியெல்லாம் அவள் காதில் இருந்தது. பேருந்தில் இடம் இருந்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நேராக ஜீஷானின் கடைக்குப் போனாள். அவன் செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால், எவ்வளவு உப்பு இருக்கிறது என்று நமக்கே தெரிந்த ஒரு தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு கிராம் உப்பு போட்டால் அது ஆயிரம். மீட்டர் ஆயிரம் காட்டவில்லை என்றால் பின்னால் இருக்கும் குட்டித் திருகைத் திருகி ஆயிரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதானா என்றாள் கன்னியம்மா. தராசுக்குக் கல் வைத்துப் பார்க்கிற மாதிரிதானே, இதற்கா அப்படிச் சிரித்தார்கள்?

சுத்தமான தண்ணீருக்கு மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கினார்கள். ஒரு கிராம் நிறுக்க, பக்கத்து அடகுக் கடையிலிருந்து நகைத் தராசை ஜீஷான் இரவல் வாங்கிவந்தான். உப்புக்கு, கடையில் விற்கிற பாக்கெட் உப்பு போதும் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டில் என்னென்னவோ கலப்பார்கள், நான் உப்பிலேயே பொழைக்கிறவள், என் தளத்து உப்பைவிட நல்ல உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லி, கருவாட்டுக்கு வைத்திருந்த மூட்டையிலிருந்து கல்லுப்பை அள்ளிவந்து நுணுக்கினாள். அப்போது ஐப்பசி. வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

ஒரு கிராம் நிறுத்து, ஒரு லிட்டரில் கரைத்து, மீட்டரை விட்டபோது தொள்ளாயிரம்தான் காட்டியது. அடேயப்பா, இவ்வளவு நாள் குறைத்துக் காட்டியிருக்கிறதே என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜீஷான் குட்டி ஸ்குரூ டிரைவரால் திருகினான். ஆயிரம் வந்தது. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன் பம்பில் விட்டுப் பார்த்தாள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது.

மனிதனுக்கு வேண்டாத விடை வந்தால் பத்து முறை சரிபார்க்கிறான். வேண்டிய விடை வந்துவிட்டால் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. கோயிலில் நடப்பதும் அதுதான், சோதனைக்கூடத்தில் நடப்பதும் அதுதான். கன்னியம்மா சாதாரண மனுஷி. அவளும் பார்க்கவில்லை. நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனாள். பழைய எண்களை அடித்துவிட்டுப் புதிய எண்களை எழுதினாள். எல்லாமே இரண்டாயிரத்துக்கு மேல். ஊரே அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டது. தங்கள் தண்ணீர் இவ்வளவு மோசம் என்று தெரிந்து சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் அவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அப்படிச் சந்தோஷப்படும் நிலையில் அவர்களை வைத்தது யார் என்ற கேள்வி தனி.

மனு மேலே போயிற்று. கார்த்திகை பிறந்ததும் அதிகாரிகள் நேரிலேயே வருவதாகச் சொன்னார்கள். மக்கள் மீட்டரையும் அலுவலக மீட்டரையும் ஒரே பம்பில் விட்டுப் பார்த்து, அங்கேயே முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஊர் வாலிபர் சங்கத் தலைவன் பிரகாஷ் இன்னொரு ஏற்பாடும் செய்துவைத்தான். அதிகாரிகள் மழுப்பினால் இரண்டு ஃபைபர் படகுகளை இழுத்துவந்து நெடுஞ்சாலைக்குக் குறுக்கே போடுவது, துறைமுகத்துக்குப் போகிற ஒரு லாரியும் நகரக் கூடாது என்பது. படகுகளைச் சாலையோரம் வரை கொண்டுவந்து கயிறு கட்டித் தயாராக வைத்திருந்தார்கள்.

அன்று காலை ஊர் முழுவதும் கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றது. சங்கரநாராயணனோடு ஒரு இளம் பெண்ணும் வந்திருந்தாள். இளநிலைப் பொறியாளர் ராமசெல்வி. தூத்துக்குடிக்காரி, உப்பு வியாபாரக் குடும்பம், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கன்னியம்மா பம்பு அடித்துக் குடத்தை நிரப்பினாள். முதலில் தன் மீட்டரை விட்டாள். இரண்டாயிரத்து நூற்று நாற்பது. கூட்டம் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது. பிறகு ராமசெல்வி அலுவலக மீட்டரை விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

"ரெண்டாயிரத்துக்குள்ளதான் இருக்கு" என்றார் சங்கரநாராயணன்.

"உங்க மீட்டரு அப்படி தான் சார் சொல்லும். அதுக்கு சம்பளம் குடுக்கிறவன் கம்பெனி காம்பவுண்டுக்குள்ள கீறான்" என்றான் பிரகாஷ்.

கூட்டம் இரைந்தது. சாலையோரம் நின்ற பையன்கள் கயிற்றில் கை வைத்தார்கள். ராமசெல்வி தன் பையிலிருந்து மூடி முத்திரையிட்ட ஒரு பாட்டிலை எடுத்து, இது அளவு தெரிந்த திரவம், இதில் இரண்டு மீட்டரையும் விட்டுப் பார்க்கலாம் என்றாள். உங்கள் பாட்டில் உங்களுக்குத்தானே சாட்சி சொல்லும் என்று யாரோ கத்தினார்கள். அவள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கன்னியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க எத வச்சு ஆயிரம்னு செட் பண்ணுனீங்க?"

"உப்பு வெச்சு தாம்மா. ஒரு லிட்டருக்கு ஒரு கிராமு. நகை தராசுல போட்டது. பேட்டரி தண்ணி. ஜீஷான் கூடவே இருந்தான், கேளு."

"என்ன உப்பு?"

"நம்ம கருவாட்டு உப்பு. கல்லுப்பு."

"அத வறுத்தீங்களாக்கா?"

அந்தக் கேள்வி கூட்டத்துக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்குத்தான் புரிந்தது. பூமாரியின் கை தன் வாய்க்குப் போயிற்று. பம்புக்கும் குடத்துக்கும் நடந்துகொண்டே பதில் சொன்ன கன்னியம்மா நின்றுவிட்டாள்.

மழைக்காலத்துக் கல்லுப்பு ஈரத்தைக் குடித்து எடை ஏறும். கருவாட்டுத் தளத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசி பிறந்துவிட்டால் உப்புக்காரன் இறக்குகிற பத்து மூட்டையை ஒன்பதாகத்தான் கணக்கு வைப்பார்கள். ஈரத்துக்குக் கழிவு கொடுக்காமல் அங்கே யாரும் உப்பு விற்க முடியாது. அதற்காக ஒவ்வொரு வருடமும் உப்புக்காரனிடம் தொண்டை கட்டச் சண்டை போடுகிறவளே கன்னியம்மாதான். அன்றைக்கு நகைத் தராசில் அவள் நிறுத்த ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர். ஆயிரம் என்று அவள் நம்பியது தொள்ளாயிரம். மீட்டர் தொள்ளாயிரம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னது. அவள்தான் திருகைத் திருகி அதைப் பொய் சொல்லவைத்தாள். மூட்டையில் தெரிந்த விஷயம் கிராமில் ஏன் தெரியாமல் போயிற்று? விஞ்ஞானம் வேறு ஊர், அதில் தன் தொழிலுக்கு வேலை இல்லை என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குள் போயிருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. ஊர் அவள் பக்கம். அலுவலக மீட்டரை யாரும் நம்பப் போவதில்லை. படகுகள் சாலைக்கு ஏறும், லாரிகள் நிற்கும், துறைமுகத்திலிருந்து தொலைபேசிகள் பறக்கும், மாலைக்குள் தண்ணீர் லாரி வந்தாலும் வரும். எத்தனையோ பொய்க் கணக்குகளைக் காட்டித்தான் அந்தக் கரையில் தொழிற்சாலைகளே எழும்பின. ஏழைகள் ஒரே ஒரு பொய் எண்ணை வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? ரகுபதி வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

"வறுக்கல" என்றாள். "ஈர உப்பு. தப்பு என் பேர்ல."

பிரகாஷ் பாய்ந்து வந்தான். "இன்னாக்கா நீ? நம்ம பக்கம் பேசறியா, அவங்க பக்கம் பேசறியா?"

"மீட்டரு பக்கம் பேசறேன்டா. அத்தினி பேரும் என்னை நம்பி கீறீங்க இல்ல, இருந்து பாத்துட்டு போங்க."

அலுவலகப் பாட்டில் வேண்டாம் என்றாள். தன் கையாலேயே செய்து காட்டாவிட்டால் ஊர் நம்பாது என்று அவளுக்குத் தெரியும். ஜீஷான் கடையைத் திறந்துபோட்டுவிட்டுத் தராசும் பேட்டரித் தண்ணீரும் ஸ்குரூ டிரைவருமாக வந்தான். அடுப்பை வாசலுக்கே கொண்டுவந்தாள். மூட்டையிலிருந்து பத்து கிராம் உப்பை எல்லோரும் பார்க்க நிறுத்தாள். வாணலியில் கொட்டி வறுத்தாள். உப்பு வெடித்தது, பிறகு அடங்கியது. ஆறட்டும் என்றாள் ராமசெல்வி. ஆறும்வரை கன்னியம்மா அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூட்டத்தில் அவளைப் பற்றி ஓடிய பேச்சு அவள் காதில் விழாமல் இல்லை. மறுபடி நிறுத்தபோது தராசு ஒன்பது காட்டியது.

"உப்புக்காரனை ஒரு மூட்டையில ஏமாத்த வுடமாட்டா" என்றாள் பூமாரி. "ஒரு கிராமுல ஏமாந்துட்டு நிக்கிறா பாரு."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் சூடு தணிந்தது. வறுத்த உப்பில் ஒரு கிராமைக் கரைத்து மீட்டரை விட்டபோது ஆயிரத்து நூற்றுப் பத்து காட்டியது. இந்த முறை திருகை அவளே திருகினாள். ஆயிரத்தில் நிறுத்தினாள். குடத்துத் தண்ணீரில் விட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. பத்து வித்தியாசம், அதைப் பெரிதுபடுத்த யாருமில்லை.

சங்கரநாராயணன் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார். நேர்மையாக ஒத்துக்கொண்டதற்கு நன்றி என்றார். ஆனால் எண் இரண்டாயிரத்துக்குள் இருப்பதால் லாரிக்கு எழுத வழியில்லை, வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார். நல்லா கீதும்மா உன் நியாயம், அதைக் கரைச்சு குடிக்கிறோம் என்று யாரோ சொன்னார்கள். ரகுபதி இடுப்பைப் பிடித்தபடியே எழுந்து உள்ளே போனான். அதுதான் அவளுக்கு அதிகம் உறைத்தது.

அவள் ஜீப்பின் முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த ரெண்டாயிரம் யாரு வெச்சது?"

"அது தேசியத் தர அளவும்மா. நான் வெச்சதில்ல."

"அதுல ரெண்டாயிரம்னு மட்டும் தான் எழுதி கீதா? கீய மேல ஒண்ணும் இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ராமசெல்வி அவரைப் பார்த்தாள். வேலைக்குப் புதியவள், மேலதிகாரி பக்கத்தில் நிற்கிறார். அவள் கை, பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஐந்நூறுதான்க்கா சரியான அளவு" என்றாள். "வேற தண்ணிக்கு வழியே இல்லாத எடத்துல மட்டும் ரெண்டாயிரம் வரைக்கும் பொறுத்துக்கிடலாம்னு போட்டிருக்கு."

பொறுத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லை அச்சில் போட்டவர்கள் யார் பொறுக்க வேண்டும் என்று போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். நகரத்தின் தெற்கில் ஒரு அடுக்குமாடியில் தண்ணீர் ஐந்நூறைத் தாண்டினால் அது செய்தி. வடக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றால் அது விதிக்கு உட்பட்டது.

கன்னியம்மா நடக்க ஆரம்பித்தாள். மீட்டர் கையில் இருந்தது. எங்கே போகிறாள் என்று தெரியாமலே கூட்டம் பின்னால் போயிற்று. அதிகாரிகளும் போனார்கள். நெடுஞ்சாலையின் ஓரத்தில், கயிறு கட்டிய படகுகளுக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்ட் தொட்டி உண்டு. அதற்குள் ஒரு வால்வு. தொழிற்சாலைகளுக்குச் சுத்தமான தண்ணீர் கொண்டுபோகிற பெரிய குழாய் அந்த வழியாகத்தான் குப்பத்தின் அடியில் ஓடுகிறது. வால்வு எப்போதும் கசியும். காவலாளி அந்தப் பக்கம் போனதும் பிள்ளைகள் அதில் தலை முழுகுவார்கள், பெண்கள் சோற்றுக்கு ஒரு குடம் பிடிப்பார்கள். பார்த்துவிட்டால் விரட்டுவான். அந்தக் குழாயை ஊரில் யாரும் தண்ணீர் என்று நினைத்ததில்லை. அது கம்பெனிக் குழாய். மீட்டர் வந்த பிறகும் அதை அளக்க யாருக்கும் தோன்றவில்லை, கன்னியம்மாவுக்கும் தோன்றவில்லை.

அவள் தொட்டிக்குள் இறங்கி, கசிந்த தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்தாள். மீட்டரை விட்டாள். இருநூற்றுப் பத்து. சொம்பை ராமசெல்வியிடம் நீட்டினாள். அலுவலக மீட்டர் இருநூற்று ஐந்து காட்டியது.

"இப்போ ரெண்டும் ஒண்ணு தானே சார் சொல்லுது?"

"சொல்லுது" என்றார் சங்கரநாராயணன். "ஆனா இந்த லைன் எங்களோடது இல்லம்மா. தொழிற்சாலைக்குப் போறது. அது வேற பிரிவு."

"நான் யாருதுன்னு கேக்கல. இருக்குதா, இல்லியான்னு கேக்கறேன்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் தொட்டியைப் பார்த்தார், குழாய் போகிற திசையைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார். கன்னியம்மாவின் மீட்டர் தவறு என்று காலையில் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்ல முடியாது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் அது சரி என்று ஒத்துக்கொண்டு நன்றியும் சொன்னவர் அவர்தான்.

"இருக்கு" என்றார்.

"அப்போ அந்த ரெண்டாயிரம் எங்களுக்கு இல்ல. எங்களுக்கு ஐந்நூறு தான். அப்டி எழுதுங்க."

இருக்கிறது என்று எழுதுகிறேன் என்றார் அவர். குழாய் கொடுப்பார்களா என்பது தன் கையில் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அவர் அப்படிச் சொல்லும்போதே ராமசெல்வி இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டிருந்தாள். ஜீப் போன பிறகும் யாரும் கலையவில்லை. படகுகளை இப்போதே ஏற்றலாமா என்று பிரகாஷ் கேட்டான். எழுதி வரட்டும், வராவிட்டால் ஏற்றலாம், அப்போது யாரும் மீட்டரைக் குறை சொல்ல முடியாது என்றாள் கன்னியம்மா. கயிற்றை அவிழ்க்காமல் படகுகளை அங்கேயே விட்டார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ராமசெல்வி தொலைபேசியில் சொன்னாள். அலுவலகத்துக்குப் பெண்கள் முறை வைத்துப் போய்வருகிறார்கள். ரகுபதி ஒரு நாள் வால்வுத் தொட்டிப் பக்கம் போய்க் காவலாளியின் முன்னாலேயே ஒரு குடம் பிடித்து வந்தான். காவலாளி விரட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அளந்து பார்த்த அன்று, அதிகாரிகள் போனதும் கன்னியம்மா செய்த முதல் வேலை பெயிண்டு டப்பாவைத் திறந்ததுதான். மூன்றாவது முறையாக வீடு வீடாகப் போனாள். தன் கையால் எழுதிய பொய் எண்களைத் தன் கையாலேயே அடித்தாள். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காறித் துப்பிய கிழவர் வீட்டில் மட்டும், சுவரில் அடித்த எண்களுக்கு மேலே, எட்டாத உயரத்துக்கு ஏறி எழுத அவரே ஒரு முக்காலியை எடுத்துவந்து வைத்தார். ஒவ்வொரு பம்புக்கு மேலும் சரியான எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே இருநூற்றுப் பத்து என்று எழுதி, சாலையோரக் குழாயின் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டாள்.

தெருவின் கடைசி வீட்டில் பெயிண்டு தீர்ந்துவிட்டது. அந்த வீட்டுச் சுவரில் அம்புக்குறி பாதியில் நின்றது. படகுக்காரர்களிடம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்கக் கடற்கரைப் பக்கம் வேகமாக நடந்தாள். "கொஞ்சம் குந்துடி" என்று பூமாரி தளத்திலிருந்து கூப்பிட்டாள். கன்னியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.